வடாம் காய்ந்த வரைபடம்

முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். கரும்பலகையில் நான் வரைந்த மலைகளுக்குக் கணக்கில்லை. சம உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சமதரை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டையில் ஒரு கரகரப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சீர்காழிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணில் படுகிற ஒரே மேடு ஆற்றுக்கரைதான். பிள்ளைகள் என்னிடம், "டீச்சர், மலைன்னா ஆத்துக்கரைய விடப் பெருசா?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் கோபப்பட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஓய்வுபெற்ற வாரத்தில் பள்ளியின் வரைபட அறையைக் காலி செய்தார்கள். கிழிந்த கண்டங்களும் சாயம் போன சமுத்திரங்களும் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கட்டிக் கிடந்தன. அந்தக் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்புறம் துணி ஒட்டி, எட்டாக மடித்த தாள். வெள்ளைக்காரர் காலத்தில் அளந்து அச்சடித்தது. எங்கள் ஆறும் அதன் இரண்டு பக்கமும் கடல்வரைக்கும் அதில் இருந்தன. பனைக்கூட்டம், கிணறு, கோயில், மாதா கோயில், ஒற்றையடிப் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. தாள் முழுக்கத் தேடினால் மேற்கு மூலையில் ஒரே ஒரு சம உயரக் கோடு, வழி தப்பி வந்த விருந்தாளி போல நின்றது. மற்ற இடமெல்லாம் பொடிப்பொடியாக எண்கள்: பதினாலு, பதின்மூன்று, பதினொன்று. கடல் மட்டத்துக்கு மேல் அத்தனை அடி உயரம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஓரடிக்கு இருக்கிற மரியாதை கொடைக்கானலில் ஆயிரம் அடிக்குக் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் வைத்தேன். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்து பார்த்தால், மொட்டைமாடியில் அந்தத் தாள் துணிப்பக்கம் மேலே இருக்க விரிந்து கிடக்கிறது. அதன்மேல் வரிசை வரிசையாகக் கூழ் வடாம். பக்கத்தில் காக்கை ஓட்டிக்கொண்டு என் கணவர்.

"நல்ல கெட்டித் துணியா இருக்கு. உன் மேப்பு இதுக்காச்சும் ஆவட்டுமே" என்றார்.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். சீர்காழிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எந்தப் புளியமரத்தடியில் யார் ஏறுவார்கள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும் என்பதால், வரைபடம் என்பது வழி தெரியாதவர்களின் பிழைப்பு என்று நினைப்பவர். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருப்பார். ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் கிளம்பணும். அன்றைக்கு நான் கத்த ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆனதும் ஒரு விசில் ஊதினார். எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் ஓடியிருக்கிறது.

வடாமை எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். வங்காள விரிகுடா முழுக்கக் கஞ்சிக்கறை. நல்லவேளை, எங்கள் ஆறு தப்பித்திருந்தது.

அந்த ஆறு காவிரியின் கிளைக்குக் கிளை. அதிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் கடைசியில் எங்களுக்கு ஆறு மா வயல் இருக்கிறது, அதாவது இரண்டு ஏக்கர். கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் நாலு ஜில்லா சுற்றி, ஊரெல்லாம் குடித்து முடித்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. போர் போடலாம் என்றால் கடல் பக்கம் என்பதால் கீழே உப்புத் தண்ணீர். மூன்று வருஷமாக வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை. வானம் பெய்தபோது ஏதோ விதைத்தோம், ஏதோ அறுத்தோம். அதற்குள் பக்கத்து ஊரில் இறால் குட்டை வெட்டுகிறவரின் ஆள் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். ஒருமுறை உப்புத் தண்ணீரை விட்டு இறால் வளர்த்த மண்ணில் அப்புறம் நெல் முளைக்காது. அது என் கணவருக்கும் தெரியும். ஆனால் கரம்பாகக் கிடக்கிற வயலைத் தினம் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

"இந்த வருஷம் பாப்பேன். தண்ணி வந்து வெதச்சா வயலு. இல்லேன்னா கொடுத்துர வேண்டியதுதான்" என்றார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.  என் சம்பளத்தில் வாங்கிய நிலம் அது. வாங்கிய அன்று வரப்பில் நின்று நான் சத்தமாக ஜெபம் பண்ணியதைக் கேட்டு ஒரு கொக்குக்கூட்டமே எழுந்து பறந்தது.

அந்த மாசிமாதத்தில்தான் எங்களுக்கு மேற்கே வயல் வைத்திருப்பவர் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருக்கும் எனக்கும் வரப்புச் சண்டை, ஆட்டுச் சண்டை, வைக்கோல் சண்டை என்று பல வருஷப் பழக்கம். நான் தாளைக் கூடத்தில் விரித்து வைத்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் தாளைக் கால்வட்டம் திருப்பி மேற்குப் பக்கத்தை உச்சியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, வடக்குதான் உச்சியில இருக்கணும்" என்றேன். ஆயிரம் பிள்ளைகளிடம் சொன்ன வாக்கியம்.

"தண்ணி மேற்கேருந்துதானே டீச்சர் வருது? இப்படி வெச்சாத்தான் வயலு வயலா தெரியும்" என்றார்.

எதிர்த்துப் பேச வாயைத் திறந்தவள் நானும் குனிந்து பார்த்தேன். தாளை அப்படிப் பார்த்தபோது ஆறு உச்சியிலிருந்து என்னை நோக்கி இறங்கி வந்தது. வாய்க்கால்கள் அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து விழுந்தன. எங்கள் வாய்க்காலை விரலால் தொட்டு மேலே போனேன். அது இப்போது பிரிகிற பாலத்தடியில் பிரியவில்லை. இன்னும் மேற்கே, ஆறு வளைகிற இடத்தில், ஒரு சின்ன மதகுக் குறியிலிருந்து பிரிந்தது. அங்கே பதினாலு. எங்கள் வயலண்டை பதினொன்று.

மூன்றடி!  எந்த வெள்ளத்திலோ மதகு தூர்ந்துபோய், யாரோ சுலபம் என்று வாய்க்காலின் தலைப்பைக் கிழக்கே தாழ்வான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆறு நிரம்பி வழிந்தால்தான் அங்கே ஏறும். பழைய இடத்தில் பிரித்தால் பாதி ஆறு ஓடினாலே போதும். தண்ணீர் தானாக எங்கள் வயலுக்கு நடந்து வரும்.

"இந்த வாய்க்கால் இப்ப எங்க போச்சு?" என்று கேட்டேன்.

 நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அது... என் வைக்கப்போர் நிக்குதே, அந்தப் பள்ளம்தான் டீச்சர்."

அப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்ல மாட்டேன். அவர் வைக்கோல்போரை நகர்த்த முடியாது என்றார். நான் தாலுகா ஆபீஸில் நடக்கும் ஜமாபந்திக்கு மனு எழுதினேன். தாளைப் பிரதியெடுத்து, மதகையும் பள்ளத்தையும் சிவப்பு மையில் காட்டி, பரீட்சைத் தாள் போல அடிக்கோடெல்லாம் போட்டுக் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தோடு வந்து, அளந்து, அது இன்றைக்கும் வாய்க்கால் புறம்போக்குதான் என்று சொன்னார். பாசனப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து ஆற்றங்கரையில் கருவேலமுள்ளை வெட்டச் சொன்னார். முள்ளுக்கு அடியில் செங்கல் மதகு முழுசாக இருந்தது. உள்ளே கழுத்துவரை வண்டல். அதைப் பார்த்ததும் நான் ஸ்தோத்திரம் என்று கத்திய கத்தலில் வந்தவர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

மேலவயல்காரர் வைக்கோல்போரை நகர்த்தினார். நகர்த்தி, என் வயலின் மடையை ஒட்டிய திடலில் கொண்டுவந்து வைத்தார். தூசியெல்லாம் என் பக்கம் பறக்கட்டும் என்றுதான். புறம்போக்குத் திடல் என்பதால் நான் வாயைத் திறக்க முடியவில்லை.

பொக்லைன் வந்த அன்று மூன்று பேரும் நின்றோம். ஓட்டுநர் தலையை நீட்டி, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

"மூணடி போதும்பா" என்றார் மேலவயல்காரர்.

"அஞ்சடி வெட்டுங்க" என்றேன் நான். கண்டெடுத்தவள் நான், மனு கொடுத்தவள் நான். அவர் சொன்ன அளவுக்கு நான் தலையாட்டுவதா? தவிர, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. தூர் வாரினால் ஆழமாக வாரவேண்டும், ஆழம் இருந்தால் தண்ணீர் வரும். எனக்கும் அதே புத்திதான். அவர் ஏதோ சொல்ல வந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்து, "விடு தம்பி, டீச்சர் சொல்லிட்டா அப்பீல் கெடயாது" என்றார். ஐந்தடி வெட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேட்டூர் திறந்தார்கள். கல்லணை திறந்தார்கள். என் கணவரின் பழைய சகாக்கள் ஆற்றோரப் பஸ்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன் பண்ணித் தண்ணீர் எங்கே வருகிறது என்று சொல்வார்கள். என் கணவர் அதை வீட்டில் அறிவிப்பார். "ரெண்டு பாலம் தாண்டிருச்சு. கொஞ்சம் லேட்டாத்தான் வருது. வழியில கூட்டம் ஜாஸ்தி போல." நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவர் இளம் கண்டக்டராக ஆகியிருந்தார். காலையில் எழுந்ததும் தலை வாரிக்கொண்டார்.

நாளைக்கு மறுநாள் நம்ம மதகுக்கு வந்துவிடும் என்ற செய்தி வந்ததும் நான் விதைநெல் மூட்டையை இழுத்துத் தொட்டியில் போட்டேன். ஒருநாள் ஊறல், ஒருநாள் சாக்குப் போட்டு மூட்டம். மூன்றாம் நாள் முளை எட்டிப் பார்க்கும்போது நாற்றங்காலில் தெளித்தாகவேண்டும். ஊறவைத்த விதையைத் திரும்பக் காயவைக்க முடியாது. என் கணவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்ணி இன்னும் வரல."

"வரும்."

"வராட்டி?"

"வரும்னு சொல்றேன்ல!" என்றேன். அவர் விசிலை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் இறக்கிவிட்டார். விதை போனால் இந்த வருஷத்து வயலும் போனது, அத்தோடு வயலே போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை மதகில் தண்ணீர் நுழைந்தது.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பாய்ந்தெல்லாம் வராது. சருகும் நுரையும் முன்னால் வர, மண்ணைத் தடவித் தடவி, ஒவ்வொரு வெடிப்பாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு மெதுவாக வரும். நாம் நடக்கிற வேகம்தான். எறும்பும் பூரானும் தலைதெறிக்க ஓடும். அதற்குப் பின்னால் கொக்குகள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வருவார்கள். மேலவயல்காரர் சூடம் ஏற்றி, பூவையும் ஒரு கை நெல்லையும் தூவினார். நான் எனக்குத் தெரிந்த பாட்டைப் பாடினேன். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு நாலடி முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, "வா வா, ரைட், ரைட், வளைவு இருக்கு, பாத்து" என்று இரண்டிரண்டு விசிலாக ஊதிக்கொண்டே வந்தார். வேலைக்குப் போன பெண்கள் நின்று சிரித்தார்கள். ஊர் நாய்கள் எல்லாம் கரையில் ஓடிவந்தன. வைக்கோல்போர் இருந்த பள்ளத்தைத் தண்ணீர் தாண்டியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்தது. மடைக்கு நேராக வந்தது. வந்து, மடைக்கு இரண்டடி கீழே, அமைதியாக, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடிகாலை நோக்கிப் போனது.

விசில் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பதினாலுக்கும் பதினொன்றுக்கும் கணக்குப் பார்த்த பூகோள டீச்சர், வாய்க்காலை வயலுக்குக் கீழே வெட்டவைத்திருக்கிறாள்! மூன்றடி வெட்டியிருந்தால் தண்ணீர் மடையில் தட்டி நின்றிருக்கும். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலவயல்காரரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இப்போது என்ன சொன்னாலும் தகும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

அவரோ துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். திடலுக்குப் போய், தன் வைக்கோல்போரின் உச்சியில் ஏறி, இரண்டு கையாலும் வைக்கோலைப் பிடுங்கிக் கீழே தள்ள ஆரம்பித்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"கொரம்பு போடுறேன் டீச்சர். அண்ணே, பேசாம நிக்காதீங்க, மூங்கி வெட்டிட்டு வாங்க."

கொரம்பு என்பது எங்கள் பக்கத்துத் தற்காலிக அணை. வாய்க்காலுக்குக் குறுக்கே மூங்கில் முளை அடித்து, தென்னைமட்டை செருகி, வைக்கோலைப் புரியாகத் திரித்து அடைத்து, சேற்றைப் பூசுவது. மடைக்குக் கொஞ்சம் கிழக்கே போட்டோம். சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் நாலு பேர் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் முழங்காலளவு தண்ணீரில் நின்று சேற்றை அள்ளி அள்ளி அப்பினேன். அந்த மனிதரின் மாடுகளுக்கு ஆறு மாதத் தீனி என் பிழையை அடைக்கப் போய்க்கொண்டிருந்தது.

"மாட்டுக்கு என்ன போடுவீங்க?" என்றேன்.

"உங்க வயலு அறுத்தா வைக்கலு வராதா? அத எனக்குக் கொடுங்க" என்றார். அப்புறம், "ஆனா டீச்சர், மூணடின்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். என் கணவர் கையிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டுவிட்டார். அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லி அவர் கேட்டதே இல்லையாம்.

தண்ணீர் கொரம்பில் முட்டி நின்றது. சுழன்றது. நான் வரப்பிலிருந்த குச்சியை மடை ஓரத்தில் நட்டுவைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை. ஒரு சாண் ஏறியபோது புரி ஒன்று அவிழ, அந்தப் பெண்களில் ஒருத்தி காலால் மிதித்து அடைத்தாள். இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல். கடைசியில் மடை வாயில் ஒரு மெல்லிய நாக்கு நீண்டது. உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு சளசளவென்று என் வயலுக்குள் இறங்கியது.

என் கணவர் வரப்பில் நின்றுகொண்டு இரண்டு விசில் ஊதினார். சத்தம் சரியாக வரவில்லை. 

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. சேற்றுக்கையால் எடுத்துப் பார்த்தார். இறால் குட்டைக்காரரின் ஆள். அந்த வாரம் முடிவு சொல்வதாக இவர்தான் சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தெரியாது. காதில் வைத்து, எதிர்ப்பக்கம் பேசுவதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். வயலைப் பார்த்தார். அதில் அதற்குள் வானம் தெரிய ஆரம்பித்திருந்தது.

 விசிலை எடுத்து, போனுக்குள்ளேயே, நீளமாக ஒரே ஒரு விசில் ஊதினார்.

பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பி, "என்ன டீச்சர் நின்னுக்கிட்டு இருக்க? வீட்ல வெத மொள விட்டுருக்கும், போய்த் தூக்கிட்டு வருவோம், வா" என்றார்.